கிறெஸ்ஸி என்ற படகும் அதில் குடியேறிய தம்பதியும்



வானொலியில் பேசும்போது இருபது நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் கால்வாய்கள் பற்றிய எனது பேச்சில் விடுபட்டுப்போன பகுதியை இந்த மடலுக்கு எழுதித் தருமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பேச்சு முடிந்தபோது ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகனும் மருமகளாக வரப்போகும் பிள்ளையும் பழைய படகு ஒன்றை வாங்கித் திருத்துகிறார்களாம். கலியாணம் முடிந்ததும் அதிலேயே குடியிருக்கப் போகிறார்களாம். "வீடு வாசலோட இருக்கவேணும் எண்டுதானே தம்பி இவ்வளவு பாடுபட்டு இங்க வந்தனாங்கள். இதென்ன புதுப்பழக்கம்?" என்று கேட்டார்.

அவருடைய கவலையை நான் குறைவாக மதிக்கவில்லை. படகு என்றால் எங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இரவோடு இரவாக மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரம் நோக்கிப் போன பயணம்தான். ஏறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. அப்படிப்பட்ட ஒன்றில் பிள்ளை தானாக விரும்பிக் குடியேறுகிறான் என்றால் தாய்க்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் "புதுப்பழக்கம்" என்ற சொல்லுக்கு மட்டும் என்னிடம் மறுப்பு உண்டு. 1939ஆம் ஆண்டிலேயே ஒரு இளம் தம்பதி இந்த நாட்டில் இதே காரியத்தைச் செய்தார்கள். பெண்ணின் தகப்பனாருக்கு அது அறவே பிடிக்கவில்லை. அவர்கள் செய்த அந்தக் காரியம் இந்த நாட்டுக் கால்வாய்களின் தலைவிதியையே மாற்றியது.

முதலில் கால்வாய்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1761இல் பிரிட்ஜ்வோட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. மஞ்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுவருவதற்காக வெட்டப்பட்டது அது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் கால்வாய் வலை பரவிவிட்டது. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்குவதற்கு 'லொக்' எனப்படும் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டிகள் கட்டினார்கள். செலவைக் குறைப்பதற்காகப் பல கால்வாய்களில் அந்தத் தொட்டிகளை 7 அடி அகலத்துக்கே கட்டினார்கள். எனவே அதற்குள் போகும் படகும் 7 அடிக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. நீளம் மட்டும் 70 அடி. எங்கள் ஊர் வீட்டு விறாந்தையே இதைவிட அகலம் என்று நீங்கள் சிரிக்கலாம். இந்த ஒல்லிப் படகைக் கரையில் நடக்கும் ஒரு குதிரை கயிற்றால் இழுத்துச் செல்லும். 25 தொன் வரை பாரம் ஏற்றலாம்.

பிறகு புகைவண்டி வந்தது. கூலி விழுந்தது. கரையில் வீட்டு வாடகை கட்டிக்கொண்டு படகில் ஆள் வைத்து வேலை செய்விக்கப் படகுக்காரனால் முடியவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் படகுக்கே கொண்டுவந்துவிட்டான். பாரம் ஏற்றும் இடத்தைக் குறைக்க முடியாது. ஆகவே பின்புறத்தில் சுமார் 10 அடி நீளமான ஒரு சிறு அறைதான் முழுக் குடும்பத்துக்கும் வீடு. அதற்குள்ளேயே அடுப்பு. அதற்குள்ளேயே மடித்து விரிக்கும் கட்டில். அந்தச் சிறிய இடத்துக்குள்தான் அவர்கள் ரோசாப் பூக்களையும் கோட்டைகளையும் வர்ணத்தில் தீட்டி, பித்தளைக் குமிழ்களை மினுக்கி வைத்து வாழ்ந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அவர்களை அழுக்கர், குடிகாரர், எழுத்தறியாதவர் என்று ஒதுக்கினார்கள். எழுத்தறியாமை உண்மைதான். ஓரிடத்தில் தரிக்காத பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்? 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. குடியிருக்கும் படகுகளைப் பதியவேண்டும், ஒரு அறையில் எத்தனை பேர் தூங்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கவேண்டும், சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார் என்றெல்லாம் விதித்தன. படகு வீடாகலாம் என்பதை அரசாங்கம் சட்டத்தில் ஏற்றுக்கொண்ட நாள் அது. அதிகாரி ஒருவர் வந்து வீட்டுக்குள் எத்தனை தலை என்று எண்ணும் அனுபவம் எங்கள் வாசகர்களுக்கும் இருக்கும். மேலே சொல்லத் தேவையில்லை.

இனி அந்தத் தம்பதிக்கு வருவோம். கணவர் பெயர் எல். ரி. சி. றோல்ட். நண்பர்களுக்கு ரொம். 1910இல் செஸ்டரில் பிறந்தவர். இயந்திரப் பொறியியல் பயின்றவர். ஸ்ரோக் ஒன் றென்ற் நகரில் அவர் பயின்ற புகைவண்டி இயந்திரத் தொழிற்சாலை 1930இல் முறிந்துபோக, வேலையில்லாமல் நின்றார். பிறகு ஹம்ப்சயரில் சிலரோடு சேர்ந்து பழைய கார்களைத் திருத்தும் பட்டறை நடத்தினார். அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் அல்பா றோமியோ கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்தான் அஞ்செலா ஓறெட். வசதியான குடும்பத்துப் பெண். பட்டறைக்காரனைக் கட்டிப் படகில் குடியிருக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால் 1939ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தகப்பனும் எங்கள் ஊர்த் தகப்பனைப் போலத்தான் நடந்துகொண்டார். இருவரும் அந்த எதிர்ப்பையும் மீறி யூலை மாதம் மணம் முடித்தார்கள்.

படகின் பெயர் கிறெஸ்ஸி. முதலாம் உலகப்போர்க் காலத்தில் சரக்கு ஏற்றக் கட்டப்பட்ட மரப்படகு. றோல்டின் உறவினரான கேர்ல் வில்லன்ஸ் என்ற பொறியியலாளர் அதை வாங்கி நீராவி இயந்திரம் பூட்டிப் பார்த்தார். பின்னர் அதன் இடத்தில் போர்ட் மொடல் ரி காரின் இயந்திரம் வந்தது. வில்லன்சிடமிருந்து றோல்ட் அதை வாங்கி, 1939 வசந்த காலத்தில் ஒக்ஸ்போர்ட் கால்வாய்க் கரையிலுள்ள பன்பெரி நகருக்குக் கொண்டுவந்தார். அங்கே டூலி குடும்பத்தின் படகுப் பட்டறை இருந்தது. தகப்பனும் இரு ஆண்மக்களும் நடத்திய பட்டறை. அந்த இடத்தில் 1790 அளவிலிருந்தே படகு வேலை நடந்து வந்திருக்கிறது.

இங்கே சற்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். படகைப் பட்டறைப் பள்ளத்துக்குள் மிதக்கவிட்டு, வாயை அடைத்து, தண்ணீரை வடித்துவிடுவார்கள். படகு கட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் அதன் உண்மையான வயது தெரியும். இந்தப் படகுகளுக்கு அடிப்பலகை எல்ம் மரம், பக்கப்பலகை ஓக் மரம். எல்ம் எப்போதும் தண்ணீருக்குள் கிடந்தால் நெடுங்காலம் உழைக்கும். தொல்லை கொடுப்பது பக்கப்பலகை. தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படும் கோட்டில்தான் உக்கல் தொடங்கும். உக்கிய பலகையைக் கழற்றி, புதுப்பலகையை ஆவிப்பெட்டிக்குள் வைத்து அவித்து, சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து வளைத்துப் பிடித்து அறைவார்கள். அதற்குப் பல கைகள் வேண்டும். பலகைகளுக்கு இடையிலுள்ள நீக்கல்களில் தார் தோய்த்த தும்பை உளியால் அடித்து இறுக்குவார்கள். வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் நேயர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலப்பற்று என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அன்னபூரணி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது 1938இல். அதற்கு அடுத்த ஆண்டு பன்பெரியில் கேட்டதும் அதே உளிச் சத்தம்தான். அதன் மேல் பூசும் பூச்சு மட்டும் எங்களுக்குப் புதிது. தாருடன் குதிரைச் சாணமும் மாட்டு மயிரும் சேர்த்துக் காய்ச்சிய கலவை! நாற்றத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வெளி வேலையைப் பட்டறைக்காரர் பார்க்க, உள்ளே வீட்டு வேலை நடந்தது. 70 அடி நீளத்தில் இயந்திரத்துக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தை ஒன்றன்பின் ஒன்றாக அறைகளாக்கினார்கள். புத்தகத் தட்டுகளும் எழுதும் மேசையும் அடுப்பும் கொண்ட இருப்பறை, சமையலிடம், படுக்கையறை என்று ஒழுங்கு. கூடவே குளியல் தொட்டி ஒன்றும் வைத்தார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயத் தொழிலாளி வீடுகள் எத்தனையோ குளியல் தொட்டி இல்லாமல் இருந்தன. அஞ்செலா அந்த வசதியை விட்டுக்கொடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஒடுங்கிய நீள்வீட்டில் இருவர் வாழ்வதென்றால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பேச்சுவார்த்தை நடக்கவேண்டும். ஒருவர் நடந்தால் மற்றவர் ஒதுங்கவேண்டும். கோபித்துக்கொண்டு போய் இருக்க வேறு அறை கிடையாது.

யூலை 27ஆம் திகதி பன்பெரியிலிருந்து புறப்பட்டார்கள். அவர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே செப்ரெம்பர் 3ஆம் திகதி போர் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 400 மைல் பயணம் செய்து, அதை றோல்ட் ஒரு புத்தகமாக எழுதினார். பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டிக்குள் கிடந்தது. போர் வேலைக்காகப் பல இடம் போய், 1941இலிருந்து ஐந்து ஆண்டுகள் வூஸ்டர்சயரில் ரார்டெபிக் என்ற இடத்தில் கிறெஸ்ஸியைக் கட்டி வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து 30 லொக்குகள் உள்ள மேடு அது. நாட்டிலேயே நீளமான வரிசை. வெளியில் போர், உள்ளே கரி அடுப்பு. பிறகு மசிங்ஹாம் என்ற எழுத்தாளரின் உதவியால் 1944 இறுதியில் அந்தப் புத்தகம் 'நரோ போட்' என்ற பெயரில் வெளிவந்தது. அதிலுள்ள புகைப்படங்கள் அஞ்செலா எடுத்தவை. போரில் களைத்திருந்த மக்கள் அதை அள்ளி வாசித்தார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன.

கடிதம் எழுதியவர்களில் ஒருவர் றொபேர்ட் ஏக்மன். பின்னாளில் பேய்க்கதைகளுக்குப் பெயர் பெற்ற எழுத்தாளர். 1945 ஓகஸ்டில் மனைவியோடு ரார்டெபிக் வந்து கிறெஸ்ஸியில் றோல்ட் தம்பதியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் விளைவாக 1946இல் உள்நாட்டு நீர்வழிகள் சங்கம் இலண்டனில் தொடங்கப்பட்டது. ஏக்மன் தலைவர், றோல்ட் கௌரவ செயலாளர். சங்கத்தின் கடிதங்கள் ஒரு படகின் மேசையிலிருந்து தட்டச்சாகிப் போயின. இது எனக்கு மிகவும் பிடித்த விடயம். எங்கள் சங்கங்களும் பல சமையலறை மேசைகளில்தானே தொடங்கின.

அடுத்த ஆண்டு நடந்த லிபோர்ட் பாலத்துச் சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. பேர்மிங்ஹாமின் தெற்கே ஸ்ரற்போர்ட் கால்வாய்க்கு மேல் தூக்குப்பாலம் ஒன்று இருந்தது. கனரக வாகனம் ஒன்றால் அது சேதமாக, கால்வாயின் சொந்தக்காரரான புகைவண்டி நிறுவனம் அதன் இடத்தில் தாழ்வான இரும்புப் பாலத்தை நிலையாகப் போட்டுவிட்டது. யாரும் படகில் வருவதில்லையே என்பது அவர்கள் எண்ணம். ஆனால் படகு செல்லும் உரிமையை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. மெதுவன் பிரபு மூலம் பிரபுக்கள் சபையில் கேள்வி எழுப்பினார்கள். முன்னறிவித்தல் தந்தால் எப்போதும் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. உடனே றோல்ட் அறிவித்தல் கொடுத்தார், 1947 மே 20ஆம் திகதி கிறெஸ்ஸி வருகிறது என்று! நிறுவனம் வேலையாட்களை அனுப்பி, பாலத்தை யக் வைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. செய்தியாளர்களும் ஊர்ச்சனமும் கூடி நின்று ஆரவாரிக்க, ஒரு வீடு பாலத்துக்குக் கீழே ஊர்ந்து போனது. அதன்பின் மற்றப் படகுக்காரரும் அறிவித்தல் கொடுக்கத் தொடங்கினார்கள். பயன்படுத்தாத உரிமை காகிதத்தில் மட்டும் இருக்கும். வீட்டையே கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தினால்தான் அது உரிமை. அந்தக் கால்வாயின் தென்பகுதியைத் தொண்டர்கள் மீட்டெடுத்து 1964இல் திறந்தபோது அதன் வேர் இந்த நாளில்தான் இருந்தது.

இதுவரை வெற்றிக் கதை. இனி வருவதுதான் எனக்கு நீண்ட நாளாக நெஞ்சில் கிடப்பது. சங்கம் வளர்ந்தது. 1948இல் கால்வாய்கள் தேசியமயமாகின. 1950 ஓகஸ்டில் மார்க்கற் ஹாபரோவில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் கூடிய பெருவிழா நடந்தது. ஆனால் செயலாளரும் தலைவரும் பிரிந்துகொண்டிருந்தார்கள். எல்லாக் கால்வாய்களையும் ஒன்றுவிடாமல் காப்பாற்ற வேண்டும், உல்லாசப் படகுகள் வந்தாலும் பரவாயில்லை என்பது ஏக்மனின் நிலை. எது உயிரோடு இருக்கக்கூடியதோ அதற்கு முதலிடம், அதிலே தொழில் செய்து வாழும் படகுக் குடும்பங்களே முக்கியம் என்பது றோல்டின் நிலை. 1951இன் தொடக்கத்தில் சங்கத்தைத் தொடங்கிய றோல்டே சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

யார் சரி? கால்வாய்களைப் பொறுத்தவரை ஏக்மன் வென்றார் என்றே நான் நினைக்கிறேன். அவருடைய பிடிவாதம் இல்லாவிட்டால் இன்றுள்ள கால்வாய்களில் பல மூடப்பட்டு வீதியாகியிருக்கும். ஆனால் றோல்ட் பயந்ததும் நடந்தது. 1962-63 கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து, சரக்குகள் லொறிக்குப் போயின. திரும்பி வரவில்லை. 1963இல் அரச நிறுவனம் தனது ஒல்லிப் படகுச் சரக்குத் தொழிலைப் பெரும்பாலும் நிறுத்தியது. படகுக் குடும்பங்கள் நகரசபை வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. தண்ணீர் இருக்கிறது, படகு இருக்கிறது, ரோசாப்பூ வர்ணமும் இருக்கிறது. அதைத் தீட்டிய சனம் அங்கே இல்லை. பிள்ளைகளுக்குப் பரதநாட்டியமும் மிருதங்கமும் குறைவில்லாமல் கற்பித்துவிட்டு, அவர்கள் வீட்டில் என்ன மொழியில் கதைக்கிறார்கள் என்பதைப் பற்றிக் கூட்டங்களில் நாம் சண்டை பிடிக்கும்போது எனக்கு இந்த இருவரின் சண்டைதான் ஞாபகம் வரும்.

கிறெஸ்ஸியின் முடிவும் அதே 1951இல்தான். பரிசோதித்தபோது மரம் திருத்த முடியாத அளவுக்கு உக்கியிருந்தது. சரக்குப் படகை வீடாக்கினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. திறந்து கிடந்த இடம் மூடப்படுகிறது, காற்றோட்டம் குறைகிறது, மேலிருந்து கசியும் மழைத்தண்ணீர் உட்பலகைக்குப் பின்னால் தங்கி உக்க வைக்கிறது. அழகான உட்பலகை அதைக் கண்ணுக்கு மறைத்துவிடும். படகோடு சேர்ந்து மணவாழ்வும் முடிவுக்கு வந்தது. அஞ்செலா சேர்க்கஸ் கம்பனி ஒன்றில் சேர்ந்து போய்விட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் படகில் வாழ்ந்த பெண் மறுபடியும் சக்கரத்தில் ஓடும் வாழ்வையே தேடிப் போனார் என்பதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். றோல்ட் வேல்ஸ் நாட்டின் ரலிலின் புகைவண்டிப் பாதையைத் தொண்டர்களைக் கொண்டு இயக்க வைத்தார். உலகிலேயே அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் புகைவண்டிப் பாதை அது. பிறகு சோனியா என்பவரை மணந்தார். போர்க்காலத்தில் ஆண்கள் இல்லாத படகுகளை ஓட்டப் பயிற்சி பெற்ற பெண்களில் சோனியா ஒருவர். அந்தப் பெண்கள் பயின்ற புல்ஸ் பிரிட்ஜ் துறை சவுத்தோலுக்கும் ஹேய்சுக்கும் இடையில் இருந்தது. இன்று அங்கே ரெஸ்கோ பேரங்காடி நிற்கிறது. நம்மவர் பலர் சனிக்கிழமை சாமான் வாங்கும் இடம். றோல்ட் 1974இல் காலமானார்.

தொலைபேசியில் வந்த தாயாருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரும்பாலான கால்வாய்களைக் கால்வாய், ஆறு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிரந்தரத் தரிப்பிடம் இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். இதனால் பிள்ளையின் பள்ளிக்கூடம், வைத்தியர், கடிதம் வரும் முகவரி எல்லாம் சிக்கலாகும். நிலையான முகவரிக்காக நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இது சிறிய விடயம் அல்ல. தரிப்பிடத்துக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும். இலண்டனில் அது இலகுவில் கிடைக்காது. அனுமதிப்பத்திரம், காப்புறுதி, பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். இரும்புப் படகென்றால் வாங்குமுன் தண்ணீரிலிருந்து தூக்கி, தகட்டின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள். கரி அடுப்பு எரியும் அறையில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கை மணி இல்லாமல் ஒரு இரவு கூடப் படுக்க வேண்டாம். தாயார் மகனிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான்.

டூலி பட்டறையை இன்றும் பார்க்கலாம். பன்பெரியில் பெரிய வணிக வளாகம் கட்டியபோது அந்தப் பட்டறையை இடிக்காமல், அதைச் சுற்றிக் கட்டினார்கள். பக்கத்திலேயே நகர நூதனசாலை. நானும் மனைவியும் போனபோது, கடைகளின் கண்ணாடிகளுக்கு நடுவே கரி படிந்த கொல்லன் உலையைக் கண்டு, இது கண்காட்சிக்கு வைத்ததா, உண்மையானதா என்று அவர் கேட்டார். உண்மையானதுதான். மேரிலபோன் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பட்டறை திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.